‘லிட்டில் டிஃபிகல்ட்’டைத் தமிழில் கேளுங்கள்

கேள்வி:

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஜினியராக இருக்கிறேன். ஊர் கோவில்பட்டி பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். எங்கள் லைனுக்கு ஆலோசகராக ஜப்பானிலிருந்து ஒருவர் வந்து எட்டு மாதம் ஆகிறது. அவரிடம் பேசப் போனாலே எனக்கு ஆங்கிலம் தொண்டையில் நின்றுவிடுகிறது. போன மாதம் ஒரு பார்ட்டில் பர் (ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிற உலோகப் பிசிறு) வந்துகொண்டே இருந்தது. பார்ட்டைப் பிடித்து நிறுத்துகிற ஃபிக்ஸ்சரில் ஒரு பின்னை மாற்றலாமா என்று அவரிடம் கேட்டேன். நான் பேசப் பேச “ஹாய், ஹாய்” என்றார். கடைசியில் “லிட்டில் டிஃபிகல்ட்” என்றார். கொஞ்சம் கஷ்டப்பட்டால் செய்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு, டூல் ரூமில் சொல்லி மாற்றிவிட்டோம். மறுநாள் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். அன்றிலிருந்து நானும் பேசுவதில்லை. அவரும் கான்டீனில் மற்ற ஜப்பானியர்களோடு தனி மேசையில் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார். என்னோடு வேலைக்குச் சேர்ந்த இன்னொரு பெண் கான்வென்டில் படித்தவள், தடதடவென்று ஆங்கிலம் பேசுவாள். மேனேஜர் இப்போது அவளைத்தான் மீட்டிங்குக்கு அழைக்கிறார். நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்வதா, ஜப்பானிய மொழி படிப்பதா? அவரிடம் திரும்பப் பேச்சை எப்படி ஆரம்பிப்பது?

– வாசகி, ஒரகடம்

பதில்:

ரங்கநாதன் தெருவில் 900 ரூபாய் சுடிதாரை 500க்குக் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். கடைக்காரர் துணியை ஒரு தட்டுத் தட்டி, “அந்த ரேட்டுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்மா” என்கிறார். உடனே 500 ரூபாயை எடுத்து நீட்டிவிட்டுச் சுடிதாரைப் பைக்குள் போடுவீர்களா? மாட்டீர்கள். முடியாது என்பதை முகம் கோணாமல் சொல்லிவிட்டார் என்று உங்களுக்குத் தெரியும். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

உங்கள் ஆலோசகர் சொன்னதும் அதேதான். ஜப்பானிய மொழியில் ‘ச்சொத்தோ’ என்றால் கொஞ்சம், ‘முஸுகாஷீ’ என்றால் கஷ்டம். வேலை இடத்தில் ஒருவர் மூச்சை இழுத்துக்கொண்டு “ச்சொத்தோ முஸுகாஷீ” என்றால் பேச்சு அங்கே முடிந்தது என்று அர்த்தம். அதை அவர் வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் போட்டார், ‘லிட்டில் டிஃபிகல்ட்’ ஆனது. நீங்கள் அதைப் பாடப்புத்தக ஆங்கிலமாகக் கேட்டீர்கள், சின்னக் கஷ்டம்தானே என்று பட்டது. உள்ளுக்குள் அப்படியே தமிழாக்கிக் கேட்டிருந்தால் டூல் ரூமுக்குப் போயிருக்கவே மாட்டீர்கள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக இருபது வருடத்துக்கும் மேல் அலைந்திருக்கிறேன். 2010இல் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறந்த காலத்தில் ஒரகடம் சாலையில் புழுதிதான் அதிகம். ஒரு டீ குடிக்கவே வண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும். அப்போதிலிருந்து இப்போது வரை நம் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “மேடம், என் இங்கிலீஷை எப்படி இம்ப்ரூவ் பண்றது?” நான் சொல்வதும் ஒன்றுதான். ஜப்பான்காரர் பேசுகிற ஆங்கிலத்தைத் தமிழில் கேளுங்கள். அந்த ஆங்கிலத்துக்கு அடியில் ஓடுவது நம் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு பேச்சு.

“ஹாய்” என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியில் ‘ஆம்’ என்று இருக்கும். உங்கள் அம்மா போனில் பெரியம்மாவிடம் பேசும்போது “ம்... ம்... சரி... ம்...” என்று சொல்லிக்கொண்டே இருப்பார் இல்லையா? பெரியம்மா சொன்ன எல்லாவற்றுக்கும் சம்மதம் என்றா அர்த்தம்? காதில் விழுகிறது, மேலே சொல்லு என்பதுதான். அவருடைய “ஹாய், ஹாய்” அந்த ‘ம்’தான். நீங்கள் பேசி முடிக்கும் வரை மரியாதையாகக் கேட்டார். அப்புறம் முடியாது என்றார்.

இன்னொன்று. “ரிப்போர்ட் வரலையா?” என்று தமிழில் கேட்டால், வராவிட்டால் நாம் “ஆமா, வரலை” என்போம். ஜப்பானியரும் அப்படித்தான், “ஹாய்” என்று தொடங்கி வரவில்லை என்பார்கள். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘நோ’ வர வேண்டும். இப்போது இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசுகிறீர்கள். “ரிப்போர்ட் நாட் கம்?” என்று அவர் கேட்கிறார், நீங்கள் பள்ளியில் படித்த இலக்கணத்தை ஞாபகம் வைத்து “நோ” என்கிறீர்கள். அவர் தன் மொழிப்படி அதை ‘நீங்கள் சொல்வது தவறு, வந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறார். ஆங்கிலத்தைச் சரியாகப் பேசியதால் வந்த வினை! இதற்கு ஒரே வழி, ‘யெஸ்’, ‘நோ’ இரண்டையும் தனியாக விடாமல் இருப்பது. “ரிப்போர்ட் நாட் கம். டுமாரோ கம்” என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள். இலக்கணம் உதைக்கும், உதைத்துவிட்டுப் போகட்டும்.

இப்படிச் சொல்வதால் எல்லா இடத்திலும் தமிழும் ஜப்பானியமும் ஒன்றுபோலவே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நானே அதில் விழுந்து அடிபட்டவள்தான். வேலைக்கு வந்த இரண்டாவது வருடம், அம்பத்தூர் எஸ்டேட்டில் உலோகத் தகட்டை அழுத்திப் பாகம் செய்கிற ஒரு சின்ன பிரஸ் ஷாப். ஜப்பானிலிருந்து வந்த கொள்முதல்காரர் இருவர், எதிரில் ஷாப் முதலாளி, நடுவில் நான். மாதம் எத்தனை பீஸ் தர முடியும், டெலிவரி தேதி தவறாமல் இருக்குமா என்று அவர்கள் கேட்டார்கள். முதலாளிக்கு ஆர்டர் கிடைக்கப்போகிற சந்தோஷம். கையை விரித்து, சிரித்துக்கொண்டே “அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்” என்றார்.

இதை எப்படி மொழிபெயர்ப்பது? நான் அகராதி வழியில் போனேன். பார்க்கலாம், ஆலோசிக்கலாம் என்ற பொருளில் “கென்தோ ஷிமாஸ்” என்றேன். ஜப்பானிய வியாபாரப் பேச்சில் பல நேரம் அது, இப்போதைக்கு வேண்டாம் என்பதற்கான நாகரிகமான வார்த்தை. அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், தலை குனிந்து நன்றி சொன்னார்கள், காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். முதலாளி வாசல் வரை வந்து கை கூப்பினார். பாடிப் பகுதியைக் கார் தாண்டும்போதுதான், “அவருக்கு விருப்பமில்லை போலிருக்கிறது, வேறு ஆள் பார்க்கலாம்” என்று பின் சீட்டில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ‘நான் பொறுப்பு, நீங்கள் கவலைப்படாதீர்கள்’ என்று அவர் சொன்னதை ‘எனக்கு வேண்டாம்’ என்று ஆக்கியிருந்தேன். காரிலேயே மன்னிப்புக் கேட்டு, வண்டியைத் திருப்பச் சொல்லி, திரும்பப் போனோம். இந்த முறை “பார்த்துக்கலாம்” போதாது, மாதம் எத்தனை, எந்தத் தேதி என்று எண்ணில் சொல்லுங்கள் என்று முதலாளியிடம் கெஞ்சினேன். அவர் ஒரு பழைய டெலிவரி சலானின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சலானைத்தான் அவர்கள் ஜப்பானுக்கு எடுத்துப் போனார்கள்.

அன்றிலிருந்து நம் ஊர் வார்த்தைகள் சிலவற்றைப் பார்த்தாலே எனக்குப் பயம். ‘பார்த்துக்கலாம்’, ‘பண்ணிடலாம்’, ‘முடிச்சுடலாம்’, அதோடு நாம் சரி என்று இரண்டு பக்கமும் ஆட்டுகிற தலை. அந்தத் தலையாட்டல் ஜப்பானியருக்கு ‘இல்லை’ மாதிரியும் தெரியும், ‘யோசிக்கிறேன்’ மாதிரியும் தெரியும். ‘ஓகே சார்’ அதைவிட மோசம். புரிந்தாலும் ஓகே சார், புரியாவிட்டாலும் ஓகே சார். உங்களையே கேட்டுப் பாருங்கள், இந்த எட்டு மாதத்தில் புரியாமல் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்?

சரி, அவர் ஏன் அத்தனை சத்தம் போட்டார்? ஒரு பின்னை மாற்றியதுதானே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். குவாலிட்டியில் இருக்கிறீர்கள், 4எம் சேஞ்ச் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆள், மெஷின், பொருள், முறை எதில் மாற்றம் வந்தாலும் முதலில் அறிவிப்பு, அப்புறம் சோதனை, அப்புறம்தான் மாற்றம். ஃபிக்ஸ்சர் மாறிய நேரத்திலிருந்து வந்த ஒவ்வொரு பீஸும் அவருக்குச் சந்தேகத்துக்குரியது. எந்த ட்ரேயிலிருந்து புதுப் பின், எது பழையது என்று பிரித்துக் காட்ட முடியாவிட்டால், இரவு உட்கார்ந்து ஜப்பானுக்குப் பதில் எழுத வேண்டியவர் அவர்தான். கடிகாரத்தில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். இங்கே சாயங்காலம் நான்கரைக்குக் கண்டுபிடித்தால் அங்கே இரவு எட்டு. யாராவது ஆபீஸில் இருந்தால் அதிர்ஷ்டம்.

இதனால் எல்லோர் முன்னாலும் கத்தியது சரியாகிவிடாது. அது தவறு. இன்னொரு முறை நடந்தால் மேனேஜரிடம் நேராகச் சொல்லுங்கள், ‘அவங்க கலாச்சாரம் அப்படி’ என்று யாராவது சமாளித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கத்துவது எந்த நாட்டுக் கலாச்சாரமும் இல்லை.

இப்போது அந்தக் கான்டீன் மேசைக்கு வருகிறேன். தனியாக உட்கார்வதை நீங்கள் அவமதிப்பாக நினைக்கிறீர்கள். ஒரு நாள் நானும் அந்த மாதிரி ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பேசியது என்ன தெரியுமா? காலை ஒன்பதிலிருந்து ஆங்கிலத்தைக் கேட்டுத் தலை வலிக்கிறது என்று. அவர்களில் பலருக்கு ஆங்கிலம் பள்ளியில் படித்ததோடு சரி. உங்களைவிட வார்த்தை குறைவாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மதியம் அந்த அரை மணி நேரம்தான் நாக்குக்கு ஓய்வு. உங்கள் தொண்டையில் நிற்கிற அதே ஆங்கிலம் அவர் தொண்டையிலும் நிற்கிறது. பெரிய பதவியில் இருக்கிற ஆம்பிளை என்பதால் அவர் அதை யாருக்கும் கடிதமாக எழுதவில்லை, அவ்வளவுதான்.

கூடவே, அவர் பக்கத்திலிருந்து உங்கள் மீட்டிங்கைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு விஷயம் கிளம்பியதும் நாம் ஐந்து பேரும் தமிழுக்குத் தாவிவிடுவோம். பத்து நிமிடம் காரசாரமாக விவாதம், நடுவில் ஒருவர் சிரிப்பார், ஒருவர் மேசையைத் தட்டுவார். கடைசியில் அவர் பக்கம் திரும்பி “ஓகே சார், நோ ப்ராப்ளம்” என்போம். பத்து நிமிடப் பேச்சுக்கு நான்கு வார்த்தை! தன்னைப் பற்றித்தான் சிரித்தார்களோ என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். தமிழில் பேசாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், வேலை நடக்க வேண்டுமே. தாவுவதற்கு முன்னால் “டூ மினிட்ஸ், தமிழ்” என்று இரண்டு விரலைக் காட்டுங்கள். முடிந்ததும் என்ன பேசினோம், என்ன முடிவு என்று இரண்டு வரி சொல்லுங்கள். மீட்டிங்கில் இந்த வேலையை யாரும் செய்வதில்லை. நீங்கள் செய்தால் அடுத்த மீட்டிங்கில் நாற்காலி உங்களுக்கு இருக்கும்.

அந்தக் கான்வென்ட் பெண்ணைப் பார்த்து ஏங்க வேண்டாம். அவள் வேகத்தில் பாதி அவருக்குப் போய்ச் சேராது. அவரும் நம்மைப் போலத்தான், புரியாவிட்டாலும் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார்.

பேச்சைக் குறைத்துப் பொருளைக் காட்டுங்கள். உங்கள் தொழிற்சாலைச் சுவரில் ‘கெம்பா’ என்று எழுதியிருக்கும், வேலை நடக்கிற இடம் என்று அர்த்தம். அதற்குக் கூடப் பிறந்தது ‘கெம்புட்ஸு’, கையில் இருக்கிற அசல் பொருள். பர் வந்த பார்ட் ஒன்று, நல்ல பார்ட் ஒன்று, டிராயிங், ஒரு பேனா. இவற்றோடு போனால் உங்களுக்கு ஐந்து வார்த்தை போதும். பர் வந்த இடத்தை மார்க்கரால் வட்டமிடுங்கள். எந்த ஷிஃப்ட், எத்தனை பீஸ் ஓகே, எத்தனை என்ஜி (தேறாதது) என்று ஏ4 தாளில் எழுதுங்கள். ஜப்பானியர்கள் ஆங்கிலத்தைப் பேசுவதைவிட நன்றாகப் படிப்பார்கள், பள்ளியில் அவர்கள் படித்ததே எழுத்துத் தேர்வுக்குத்தான்.

“அண்டர்ஸ்டாண்ட்?” என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு உலகத்தில் எல்லோரும் ‘யெஸ்’தான் சொல்வார்கள். எப்போது, எத்தனை, எது என்று கேளுங்கள். இவற்றுக்குத் தலையாட்டிப் பதில் சொல்ல முடியாது. கிளம்பும்போது நீங்கள் புரிந்துகொண்டதை அவர் முன்னாலேயே திருப்பிச் சொல்லுங்கள்: “டுமாரோ டென் ஓ க்ளாக். ஃபைவ் பார்ட்ஸ். ஃபிக்ஸ்சர், நோ சேஞ்ச். கரெக்ட்?” அன்றைக்கு இந்த நாலு வரியைச் சொல்லியிருந்தால் எனக்கு நீங்கள் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

எண்ணிலும் ஒரு கண் வையுங்கள். அவர்கள் பத்தாயிரத்தை ‘மான்’ என்று ஒரு அலகாக வைத்து எண்ணுகிறார்கள். நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து மான். நாம் 1,00,000 என்று கமா போடுவதைப் பார்த்து எழுத்துப்பிழை என்று நினைப்பார்கள். நாம் நாளை முன்னால் எழுதுவோம், அவர்கள் வருடம், மாதம், நாள் என்று போவார்கள். 4/3 என்று எழுதினால் அவருக்கு ஏப்ரல் 3. மாதத்தைப் பெயராக எழுதிவிட்டால் தொல்லை இல்லை.

அடுத்தது வகுப்பு. ஸ்போக்கன் இங்கிலீஷுக்குப் பணம் கட்டாதீர்கள். அங்கே ஹோட்டலில் ஆர்டர் செய்வதும், தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவதும் சொல்லித் தருவார்கள். பரைப் பற்றி ஒன்றும் வராது. பணம் போட்டே தீர வேண்டுமென்றால் ஜப்பானிய மொழியில் போடுங்கள். ஜப்பானில் பயிற்சி முடித்து வந்தவர்களின் சங்கமான ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் சென்னையில் பல வருடமாக வகுப்பு நடத்துகிறது. வேறு இடங்களும் உண்டு. ஷிஃப்ட்டுக்கு ஒத்துவருகிற வார இறுதி வகுப்பாகப் பாருங்கள். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் முதல் படியான என்5ஐ சென்னையிலேயே எழுதலாம். அதைத் தேறினாலும் ஃபிக்ஸ்சரைப் பற்றி விவாதிக்க முடியாது, அந்த ஆசை வேண்டாம்.

ஆனால் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இந்த மொழி எவ்வளவு சுலபமாகத் திறக்கும் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். ‘கரே வா அஷ்தா குரு தோ இஇமாஷ்தா.’ அவர், நாளை, வருகிறார், என்று, சொன்னார். வரிசை கொஞ்சமும் மாறவில்லை, ‘என்று’ கூட அதே இடத்தில். இது, அது, எது என்று நாம் சொல்வதுபோல கொரே, அரே, தொரே. நடுவில் ‘சொரே’ என்று ஒன்று, கேட்பவர் பக்கம் இருப்பது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இன்றும் ‘உது’ என்பார்களே, அதற்குப் பக்கத்தில் வரும். குறில் நெடில் நமக்குப் பாலோடு வந்தது. ஒபசான் என்றால் அத்தை, ஒபாசான் என்றால் பாட்டி. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதில் தடுமாறி அத்தைகளின் கோபத்துக்கு ஆளாவார்கள், உங்களுக்கு அந்த ஆபத்து இல்லை. ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு என்றே எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, நமக்கு வரிசை ஒன்றாக இருப்பதே போதும். (கொரியக் கம்பெனிகளில் இருக்கிற வாசகர்களுக்கும் இதே சௌகரியம் உண்டு. கொரிய எழுத்திலும் நம் ‘க’ போல, சொல்லின் முதலில் வல்லோசை, உயிர்களுக்கு நடுவில் மெல்லோசை என்று ஒரே எழுத்து இரண்டு வேலை பார்க்கிறது.)

வகுப்புக்குக் காத்திருக்காமல் நாளைக்கே ஏழெட்டு வார்த்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பருக்கு ‘பரி’, பஸ் என்பதில் வருகிற ‘ப’. கீறலுக்கு ‘கிஸு’, துருவுக்கு ‘ஸபி’, நசுங்கலுக்கு ‘ஹெகொமி’. காரணம் ‘கெனின்’, தீர்வு நடவடிக்கை ‘தைஸகு’, உறுதிப்படுத்துவது ‘ககுனின்’. இந்த ஏழும் உங்கள் மேசையில் தினமும் புரள்கிற விஷயங்கள். காலையில் பார்த்ததும் “ஒஹாயோ கொஸைமஸு”. மே மாதம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் “அட்சுயி தேஸு நே” என்று சொல்லிப் பாருங்கள். ‘வெயில் கொளுத்துதுல்ல’ என்று அர்த்தம், அந்த ‘நே’தான் நம் ‘ல்ல’. அக்னி நட்சத்திரத்தில் ஒரகடத்தில் நிற்கிற ஜப்பானியர் அதற்குப் பதில் சொல்லாமல் போகவே மாட்டார்.

உங்கள் பெயரை நான் இங்கே போடவில்லை, ஆனால் அதில் ஒரு ‘ல’வும் ஒரு ‘ழ’வும் இருக்கின்றன. அவர் வாயில் இரண்டும் ‘ர’ ஆகிவிடும். எட்டு மாதமாக அவர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம். வீட்டில் கூப்பிடுகிற சின்னப் பெயர் இருந்தால் அதைக் கொடுங்கள். அவரை ‘சார்’ என்று கூப்பிடுவதை விட்டு, குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்துக் கூப்பிடுங்கள். உங்கள் பெயரை நீங்கள் சொல்லும்போது மட்டும் ‘சான்’ போடாதீர்கள். நமக்கு நாமே ‘அவர்கள்’ போட்டுக்கொள்வது போல ஆகும்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டீர்களே, அந்தப் பின்னிலிருந்தே ஆரம்பியுங்கள். மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம், காலை முதல் சுற்று முடிந்ததும் போங்கள். கையில் பார்ட், தாள். “லாஸ்ட் மந்த், ஃபிக்ஸ்சர் பின். ஐ சேஞ்ச், நோ ககுனின். சாரி.” அதோடு நிறுத்திவிடுங்கள். ஏன் அப்படி ஆனது, ‘லிட்டில் டிஃபிகல்ட்’டை எப்படி எடுத்துக்கொண்டேன் என்ற விளக்கமெல்லாம் இன்னொரு நாள் சொல்லலாம். மன்னிப்போடு காரணத்தைச் சேர்த்தால் சாக்குச் சொல்வதாகத்தான் அவர் காதில் விழும். நம் அப்பாக்களிடமும் இதே கதைதான். பிறகு தாளை வைத்து, பர் இன்னும் வருகிறது, இத்தனை பீஸ் என்று காட்டி, “கெனின்?” என்று கேளுங்கள். அநேகமாக அவர் பேனாவைக் கையில் எடுத்துவிடுவார். ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் பேனாவை எடுத்து உங்கள் தாளில் படம் போட ஆரம்பித்துவிட்டால் பழைய கணக்கு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை லைனில் ஏதாவது தப்பு நடந்தால், சரி செய்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். நமக்கு அதுதான் பழக்கம், முடித்துவிட்டு நல்ல சேதியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் ‘ஹோரென்ஸோ’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தெரிவி, தொடர்பில் இரு, கலந்து கேள் என்ற மூன்று சொற்களின் முதல் எழுத்துகள். கேட்க ஒரு கீரையின் பெயர் மாதிரி இருக்கும், நாம் பாலக் என்கிற கீரைக்கு அங்கே அதுதான் பெயர். கெட்ட சேதி சூடாக வர வேண்டும் என்பது அதில் எழுதாத விதி. இரவு ஷிஃப்ட்டில் மூன்று பீஸ் என்ஜி வந்தாலும் ஒரு படம் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு அனுப்பிவிடுங்கள். தொந்தரவு என்று நினைக்க மாட்டார். அது இரண்டு மூன்று முறை நடந்தபின் அவர் முதலில் தேடி வருகிற ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

ஷிஃப்ட் முடிந்து அவர்கள் சேர்ந்து குடிக்கப் போவார்கள், அங்கேதான் நெருக்கம் வருகிறது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். போக வேண்டியதில்லை. நான் இத்தனை வருடத்தில் போனது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

அதைவிட நல்ல வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஜப்பானில் யார் வெளியூர் போய் வந்தாலும் அந்த ஊர்த் தின்பண்டம் ஒரு பெட்டி வாங்கி வந்து ஆபீஸில் வைப்பார்கள், ‘ஒமியாகே’ என்று பெயர். அடுத்த முறை வீட்டுக்குப் போய் வரும்போது கடலைமிட்டாய் வாங்கி வாருங்கள். பெரிய பாளமாக வேண்டாம், தனித்தனியாகக் காகிதம் சுற்றியது. காரம் இல்லை, கை ஒட்டாது, ஒரு வாரம் கிடந்தாலும் கெடாது. அவருக்கென்று தனியாகக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், எல்லோரும் எடுக்கிற பொது மேசையில் ‘கோவில்பட்டி’ என்று ஒரு சீட்டோடு வையுங்கள். கடலை ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு “ஒயிஷீ” என்பார், ருசியாக இருக்கிறது என்று அர்த்தம். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள், மரியாதைக்கும் சொல்வார்கள். இரண்டாவது துண்டை எடுக்கிறாரா என்று பாருங்கள்.